ஆம்பூர் பிரியாணி டாட் காம் யாருக்கு? டொமைன் பெயரும் டிரேட்மார்க்கும்: ஓர் எளிய விளக்கம்

வாலாஜாவில் இருந்து வாணியம்பாடி வரைக்கும் பெங்களூரு ஹைவேயில் போனால் 'ஆம்பூர் பிரியாணி' என்று போர்டு போட்ட கடைகளை எண்ணி முடிக்க முடியாது. அதில் பாதி 'ஒரிஜினல்'. கூப்பிடு தூரத்தில் இருந்தும் பெரும்பாலும் யாரும் யார் மீதும் கேஸ் போடுவதில்லை. சாப்பிட வருகிறவருக்கும் பெரிய குழப்பமில்லை. எந்தக் கடை முன்னால் வண்டிகள் அதிகம் நிற்கின்றனவோ அங்கே நிறுத்துகிறார்.

அதே பெயரை இணையத்துக்குக் கொண்டுபோனால் இந்தச் சமாதானம் செல்லாது. ஆம்பூர்பிரியாணி டாட் காம் என்று உலகத்திலேயே ஒன்றுதான் இருக்க முடியும். மூன்று தலைமுறையாக அண்டா ஏற்றுகிற ஆம்பூர்க்காரர் அதை வாங்கலாம். ஆம்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஒருவர் டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டும் வாங்கலாம். முதலில் யார் பணம் கட்டுகிறாரோ அவருக்கு. பின்னால் வருகிறவர்கள் நடுவில் ஒரு கோடு போட்டோ, வாலில் ஓர் எழுத்து சேர்த்தோ ஒப்பேற்ற வேண்டியதுதான்.

டொமைன் பெயர்களை, அதாவது இந்த மாதிரி இணையப் பெயர்களை, நிர்வகிக்கிற அமைப்புகளில் 30 வருடமாக நடக்கிற சண்டையில் பெரும்பகுதிக்கு வேர் இதுதான். சட்டம் பெயர்களுக்கு ஒரு மாதிரி உரிமை கொடுக்கிறது, கம்ப்யூட்டர் வேறு மாதிரி கொடுக்கிறது. இரண்டையும் ஒட்டவைக்க ஒரு விதி எழுதினார்கள். எழுதும்போது யார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தால், அந்த விதி இன்றைக்கு யாருக்குக் கை கொடுக்கிறது, யாரைக் கண்டுகொள்வதில்லை என்பது தெரிந்துவிடும்.

சட்டத்தின் கணக்கு

டிரேட்மார்க், அதாவது வணிகக்குறி, வாங்கிவிட்டால் அந்தச் சொல்லே தனக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்தச் சரக்கு இன்னாரிடமிருந்து வருகிறது என்று வாங்குகிறவர் அடையாளம் கண்டுகொள்ளத்தான் அது. அதனால் உலகத்து வியாபாரம் மொத்தத்தையும் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தோல், தோல்பை எல்லாம் 18ஆம் வகுப்பு. செருப்பு, ஷூ, துணிமணி 25. ஓட்டல், லாட்ஜ் 43. மருத்துவமனை 44. 'வேலன்' என்ற பெயரில் பேர்ணாம்பட்டில் ஒருவர் ஷூ தைக்கலாம், குடியாத்தத்தில் ஒருவர் மெஸ் நடத்தலாம், காட்பாடியில் ஒருவர் ஸ்கேன் சென்டர் வைக்கலாம். வகுப்பு வேறு வேறு என்பதால் மூன்று பேருமே பதிவு கேட்க வழியுண்டு. அதுவும் இந்தியாவுக்குள் மட்டும். கிண்டியில் இருக்கிற பதிவு அலுவலகம் கொடுத்த சான்றிதழ் கொழும்பில் செல்லாது. 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

ஆக டிரேட்மார்க்குக்கு எல்லை உண்டு: எந்தத் தொழில், எந்த நாடு. டொமைன் பெயருக்கு இரண்டு எல்லையும் கிடையாது. ஷூக்காரர், மெஸ்காரர், ஸ்கேன்காரர் மூன்று பேரில் ஒருவருக்குத்தான் வேலன் டாட் காம். மற்ற இரண்டு பேர் கையிலும் சட்டப்படியான உரிமை இருக்கும், இணையத்தில் பெயர் மட்டும் இருக்காது.

கம்ப்யூட்டரின் கணக்கு

இணையத்தில் இருக்கிற ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் முகவரி. எண்களை யார் மனப்பாடம் செய்வது? அதற்குப் பதில் பெயர் சொன்னால் எண்ணைத் தேடித் தருகிற ஏற்பாட்டை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச் 15 அன்று பதிவானது. அப்போதெல்லாம் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் சில கம்ப்யூட்டர் கம்பெனிகளும்தான் உள்ளே இருந்தன. எண்களையும் டாட் காம் போன்ற மேல்நிலைப் பெயர்களையும் ஜான் போஸ்டல் என்கிற ஓர் ஆராய்ச்சியாளர் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகக் கவனித்துக்கொண்டார். பெயர் கேட்டால் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. 'நீ யார், உனக்கு இந்தப் பெயரில் என்ன உரிமை' என்று கேட்கிற வேலையை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. கேட்கத் தேவையும் வரவில்லை.

1995இல் கட்டணம் வந்தது, 2 வருடத்துக்கு 100 டாலர். இன்றைக்கு ஆயிரம் ரூபாய் பக்கத்தில் ஒரு வருடம் ஓட்டிவிடலாம். பணம் போகிற பாதை இப்படி: நாம் பணம் கட்டுவது ரிஜிஸ்ட்ரார் என்கிற சில்லறை வியாபாரியிடம். அவருக்கு மேலே ரிஜிஸ்ட்ரி, அதாவது டாட் காம், டாட் இன் போன்ற ஒரு வாலின் மொத்தப் பதிவேட்டையும் வைத்திருப்பவர். அவருக்கும் மேலே பொதுவான வால்களுக்கெல்லாம் விதி எழுதுகிற ஐகேன் என்ற அமைப்பு. 'டொமைன் வாங்கினேன்' என்று சொல்கிறோம், உண்மையில் அது குத்தகை. வருடா வருடம் கட்டினால் நம்முடையது, கட்டத் தவறினால் கொஞ்ச நாள் தவணை கொடுத்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விடும்.

பனாவிஷன் பாடம்

முதலில் வந்தவருக்கே என்கிற விதியில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்பதை 1994இல் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர் வேடிக்கையாகவே காட்டினார். மெக்டொனால்ட்ஸ் கம்பெனி தன் பெயரில் டாட் காம் எடுக்கவில்லை என்று கண்டுபிடித்து, தானே எடுத்துக்கொண்டார். கடைசியில் ஒரு பள்ளிக்கு இணைய வசதி செய்து கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்ட பிறகு பெயரைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து வந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்காகச் செய்யவில்லை. டென்னிஸ் டோப்பன் என்பவர் பெரிய பெரிய கம்பெனிகளின் பெயர்களாகப் பார்த்து நூற்றுக்கும் மேல் பதிவு செய்து வைத்துக்கொண்டார். அதில் ஒன்று சினிமா கேமராவுக்குப் பேர்போன பனாவிஷன். கம்பெனி பெயரைக் கேட்டபோது அவர் 13,000 டாலர் கேட்டார். அந்தத் தளத்தில் என்ன இருந்தது தெரியுமா? இல்லினாய் மாநிலத்தில் பானா என்று ஒரு சின்ன ஊர், அந்த ஊரின் புகைப்படங்கள். 'பானா ஊரின் காட்சி, அதனால் பனாவிஷன்' என்பது அவருடைய நியாயம். 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெயரை எடுத்து வைத்துக்கொண்டு உரியவரிடமே விற்கப் பார்ப்பதும் வியாபாரப் பயன்பாடுதான் என்று சொல்லிவிட்டது. இந்த வேலைக்கு சைபர் ஸ்குவாட்டிங் என்று பெயர். தமிழில் பெயர்ப் பதுக்கல் என்றால் சரியாக இருக்கும்.

கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தாலும் கம்பெனிகளுக்குத் திருப்தி இல்லை. பதுக்கியவர் வேறு நாட்டில் இருந்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வழக்கா? டிரேட்மார்க் வைத்திருப்பவர்களின் சங்கங்கள் வாஷிங்டனிலும் ஜெனீவாவிலும் இதைத் தொடர்ந்து எழுப்பின. அந்தச் சமயத்தில்தான் டொமைன் நிர்வாகத்தை அமெரிக்க அரசு தன் கையிலிருந்து ஒரு லாப நோக்கமற்ற அமைப்புக்கு மாற்றத் திட்டமிட்டுக்கொண்டிருந்தது. 1998 ஜூனில் வெளியிட்ட கொள்கை அறிக்கையிலேயே, டிரேட்மார்க் தகராறுகளைத் தீர்க்க வழி சொல்லும்படி ஜெனீவாவில் இருக்கிற உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவைக் கேட்டுக்கொண்டது. செப்டம்பரில் ஐகேன் பிறந்தது. 1999 ஏப்ரலில் வைப்போ அறிக்கை கொடுத்தது. அந்த வருடம் முடிவதற்குள் ஐகேன் அதன் அடிப்படையில் ஒரு விதியைக் கொண்டுவந்துவிட்டது. அதன் பெயர் யூ.டி.ஆர்.பி.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஐகேன் என்ற அமைப்பு நடை பழகும் முன்பே டிரேட்மார்க் தகராறு அதன் முதல் பெரிய வேலையாகிவிட்டது. அதன் உள்கட்டமைப்பிலேயே அறிவுசார் சொத்துரிமைக் குழு என்று தனியாக ஒரு பிரிவு உண்டு. கொள்கை வகுக்கிற சபையில் அதற்கு இடமும் ஓட்டும் உண்டு. வணிகமல்லாத பயனர்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பக்கம் சம்பளம் வாங்கும் வக்கீல்கள் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறார்கள், மறுபக்கம் லீவு போட்டுவிட்டு வருகிற பேராசிரியர்களும் தன்னார்வலர்களும். வைப்போ நியமித்த நிபுணர் குழுவில் பொதுமக்கள் தரப்புக்காக இருந்த சட்டப் பேராசிரியர் மைக்கேல் ஃப்ரூம்கின், அறிக்கை ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று அப்போதே விமர்சனம் எழுதினார். இந்தப் பக்கச் சாய்வு சதி என்று நான் நினைக்கவில்லை. நஷ்டக் கணக்கு காட்ட முடிந்தவர் முதலில் பேசினார், அவ்வளவுதான்.

மூன்று கேள்விகள்

யூ.டி.ஆர்.பி. எப்படி உலகம் முழுக்கச் செல்லுபடியாகிறது என்பது சுவாரசியமான விஷயம். அது எந்த நாட்டுச் சட்டமும் இல்லை. டொமைன் எடுக்கும்போது படிக்காமலே டிக் போடுகிறோமே ஓர் ஒப்பந்தம், அதற்குள் ஒரு ஷரத்தாக உட்கார்ந்திருக்கிறது. யாராவது புகார் கொடுத்தால் இந்த முறைப்படி விசாரணைக்கு உட்படுகிறேன் என்று நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. குடியாத்தத்தில் இருந்து எடுத்தாலும் சரி, கனடாவில் இருந்து எடுத்தாலும் சரி.

புகார் கொடுப்பவர் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். மூன்றும் வேண்டும், இரண்டு போதாது. அந்த டொமைன் தன் டிரேட்மார்க்கைப் போலவே இருக்கிறது அல்லது குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது. அதை வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமையோ அக்கறையோ இல்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து, கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்துகிறார்.

ஊர் உதாரணத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். வேலூருக்கு வைத்தியத்துக்காக மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். காந்தி ரோட்டிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் லாட்ஜ் போர்டுகளில் தமிழுக்குச் சமமாக வங்காள எழுத்தும் இருக்கும். வருகிறவர்கள் ரயில் ஏறும் முன்பே போனில் தேடிவிடுகிறார்கள். இப்போது ஊரறிந்த ஒரு மருத்துவமனை இருக்கிறது, அதன் பெயர் டிரேட்மார்க்காகப் பதிவாகியும் இருக்கிறது என்று கற்பனைக்கு வைத்துக்கொள்வோம். அதன் பெயரைச் சேர்த்து நான்கு பேர் நான்கு டொமைன் எடுத்திருக்கிறார்கள்.

முதலாமவர் மருத்துவமனையின் சின்னத்தையே போட்டு, 'அப்பாயின்ட்மென்ட் இங்கே' என்று பட்டன் வைத்து, நோயாளியிடம் பணம் வாங்குகிறார். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பெயர் ஒன்று, உரிமை இல்லை, எண்ணம் கெட்டது. இந்த மாதிரி ஆட்களைப் பிடிக்கத்தான் விதி பிறந்தது, இந்த மாதிரி வழக்கில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

இரண்டாமவர் ஓர் எழுத்தை மாற்றிப் பதிவு செய்துவிட்டு ஒன்றுமே செய்யாமல் வைத்திருக்கிறார். திறந்தால் வெறும் பக்கம். 'பயன்படுத்தவே இல்லையே, எங்கே கெட்ட எண்ணம்?' என்பது அவர் வாதம். ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா கம்பெனி வழக்கில் 2000ஆம் வருடமே இதற்குப் பதில் வந்துவிட்டது. பெயர் மிகப் பிரபலமாக இருந்து, வைத்திருப்பவர் தன் அடையாளத்தையும் மறைத்து, எந்த நியாயமான காரணமும் சொல்ல முடியாத நிலையில், சும்மா வைத்திருப்பதும் கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்துவதாகவே ஆகும்.

மூன்றாமவர்தான் சிக்கல். அவர் நிஜமாகவே லாட்ஜ் நடத்துகிறார். மருத்துவமனைப் பெயரோடு 'பக்கத்து லாட்ஜ்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து டொமைன் வைத்திருக்கிறார். அவர் சொல்வது உண்மை: லாட்ஜ் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு பிரிண்டர் கம்பெனியின் பெயரை வைத்து டொமைன் எடுத்த சர்வீஸ் கடைக்காரர் வழக்கில், ஓக்கி டேட்டா என்று அதைச் சொல்வார்கள், 2001இல் ஒரு வழிகாட்டுதல் வந்தது. அந்தத் தொழிலை உண்மையாகச் செய்ய வேண்டும், அந்தப் பெயரைக் காட்டி வேறு சரக்கு விற்கக் கூடாது, கம்பெனிக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று தளத்திலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அந்தப் பெயரில் இருக்கிற எல்லா டொமைன்களையும் வளைத்துப் போடக் கூடாது. லாட்ஜ்காரர் இந்த அளவுகோலின்படி 'எங்களுக்கும் மருத்துவமனைக்கும் சம்பந்தமில்லை' என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தால் வாதாட இடம் இருக்கிறது. எழுதாமல், சின்னத்தையும் கட்டடத்தின் படத்தையும் போட்டு, மருத்துவமனையே நடத்துகிற விடுதி போலக் காட்டியிருந்தால் கஷ்டம்.

நான்காமவர் ஒரு நோயாளியின் உறவினர். பில் விஷயத்தில் மனக்கசப்பு, அதை எழுதத் தளம் தொடங்கியிருக்கிறார். விளம்பரம் இல்லை, பணம் இல்லை. விமர்சிக்கிற உரிமை நியாயமான அக்கறைதான் என்று விதி ஒப்புக்கொள்கிறது. ஆனால் டொமைனில் மருத்துவமனைப் பெயர் மட்டும் தனியாக இருந்தால், திறக்கும்வரை அது அதிகாரபூர்வத் தளம் என்றுதானே நினைப்பார்கள் என்று சில நடுவர்கள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். பெயரோடு 'புகார்' என்று ஒரு சொல் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்.

புகாரை விசாரிப்பவர் நீதிபதி அல்ல. வைப்போ போன்ற மையம் நியமிக்கும் நடுவர், ஒருவர் அல்லது மூவர். ஒரே நடுவர் என்றால் 5 பெயர்கள் வரைக்கும் கட்டணம் 1,500 டாலர், அதாவது ஒன்றேகால் லட்ச ரூபாய்க்கு மேல். புகார் கொடுப்பவர் கட்ட வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 20 நாள். நேரில் விசாரணை கிடையாது, எல்லாம் மின்னஞ்சலில். புகார்தாரர் ஜெயித்தால் கிடைப்பது இரண்டில் ஒன்று: பெயர் புகார்தாரருக்கு மாறும், அல்லது ரத்தாகும். நஷ்டஈடு இல்லை. முதல் வழக்கு 1999 டிசம்பரில் ஒரு மல்யுத்தக் கம்பெனி கொடுத்தது. 2023இல் வைப்போவிடம் மட்டும் 6,000க்கும் மேல் வந்தன. பெரும்பாலான வழக்குகளில் புகார்தாரரே ஜெயிக்கிறார். எதிர்த்தரப்பு பதிலே போடாத வழக்குகள் ஏராளம் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நிசான் என்பவரின் பெயர் நிசான்

விதி மறுபக்கமும் வெட்டும். யூசி நிசான் என்பவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். நிசான் என்பது அவருடைய குடும்பப் பெயர். 1994இல் நிசான் டாட் காம் எடுத்தார். 1999 கடைசியில் கார் கம்பெனி அவர் மேல் கோர்ட்டில் வழக்குப் போட்டது. வருடக்கணக்கில் இழுத்து, டொமைன் கடைசியில் அவரிடமே நின்றது. 2020இல் அவர் இறக்கும்வரை அவர் கையில்தான். ஜெயித்தார்தான், ஆனால் அதற்குள் கடையின் கதி என்ன ஆகியிருக்கும் என்று வியாபாரம் செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நம் பக்கம் அப்பா பெயர், குலதெய்வத்தின் பெயர், பங்காளிகள் நான்கு பேரின் முதலெழுத்து என்றுதானே கடைக்குப் பெயர் வைக்கிறோம். அப்படிப்பட்ட பெயரை எங்கோ ஒரு பெரிய கம்பெனியும் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். சின்னவரிடமிருந்து பறிப்பதற்காகவே புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று நடுவர் கண்டால், அதைத் தலைகீழ்ப் பறிப்பு என்று தீர்ப்பில் எழுதலாம். எழுதுவதோடு சரி. அபராதம் கிடையாது, எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொடுத்த காசும் திரும்ப வராது. பதுக்கியவன் பெயரை இழக்கிறான், பறிக்க வந்த கம்பெனி ஒரு வரியில் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. இந்த விதியில் எனக்கு மிகவும் உறுத்துகிற இடம் இது.

ஊர்ப் பெயருக்கு யார் பொறுப்பு?

ஆம்பூருக்குத் திரும்புவோம். ஆம்பூர்பிரியாணி டாட் காமை டெக்சாஸ்காரர் எடுத்துவிட்டார். ஊரே சேர்ந்து யூ.டி.ஆர்.பி. புகார் கொடுக்க முடியுமா?

முடியாது என்பதுதான் நேர்ப் பதில். முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுவோம்: உங்களிடம் டிரேட்மார்க் இருக்கிறதா? ஊர்ப் பெயர் யாருக்கும் தனிச் சொத்தில்லை. இந்தியாவின் 1999ஆம் வருடத்து வணிகக்குறிச் சட்டமே, சரக்கு எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்கிற பெயரைப் பொதுவாகப் பதிவு செய்யாது. பார்சிலோனா நகராட்சிக்கு நடந்ததைப் பார்த்தால் தெரியும். பார்சிலோனா டாட் காமைத் தனியார் ஒருவர் எடுத்திருந்தார். வைப்போ நடுவர் 2000இல் நகராட்சி பக்கம் தீர்ப்புச் சொன்னார். பெயரை எடுத்திருந்தவர் அமெரிக்கக் கோர்ட்டுக்குப் போனார். வெறும் ஊர்ப் பெயருக்கு அமெரிக்கச் சட்டத்தில் டிரேட்மார்க் கிடையாது என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

சரி, புவிசார் குறியீடு? அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு, காம்பிலும் இலையிலும் முள்ளாக இருக்குமே அதற்குத்தான், வேலூர் முள் கத்தரி என்ற பெயரில் 2023இல் குறியீடு கிடைத்தது. பழைய வட ஆற்காட்டு ஆரணிப் பட்டுக்கு அதற்கும் முன்பே உண்டு. வேறு எங்கோ விளைந்த கத்தரிக்காயை அந்தப் பெயரில் விற்றால் இந்தியச் சட்டம் கேட்கும். ஆனால் அந்தப் பெயரில் யாராவது டாட் காம் எடுத்தால் யூ.டி.ஆர்.பி. கேட்காது. டிரேட்மார்க்குக்கு மட்டும்தான் அந்த வாசல். புவிசார் குறியீட்டையும் ஊர்ப் பெயரையும் சேர்க்கலாமா என்று வைப்போ 2001இல் இரண்டாவது அறிக்கையில் ஆராய்ந்தது. நாடுகளுக்குள் ஒத்த கருத்து இல்லை என்று அப்படியே நின்றுபோனது. ஷாம்பெயின் ஒயின் உற்பத்தியாளர் சங்கமே, அதைவிடப் பிரபலமான குறியீடு எது, ஷாம்பெயின் டாட் சிஓ பெயருக்காகப் புகார் கொடுத்து 2011இல் தோற்றது. பிரெஞ்சுக்காரர்களுக்கே இந்தக் கதி என்றால் இலவம்பாடி விவசாயி எந்த மூலை?

இதே கேள்வி வால்களிலும் வந்தது. டாட் காமுக்குப் பதில் தன் பெயரையே வாலாக வைத்துக்கொள்ளலாம் என்று 2012இல் ஐகேன் கதவைத் திறந்தது. விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர், வந்த விண்ணப்பங்கள் 1,930. டாடா குழுமம் டாட் டாடா கேட்டது. மொராக்கோவில் டாட்டா என்று ஒரு மாகாணம் இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. நாடுகளின் மாநிலம், மாகாணங்களுக்கு ஒரு சர்வதேசக் குறியீட்டுப் பட்டியல் உண்டு. அதில் இருக்கிற பெயரைக் கேட்டால் அந்த அரசின் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. டாட் டாடாமோட்டார்ஸ் வந்துவிட்டது, டாட் டாடா வரவில்லை. அமேசான் கம்பெனி டாட் அமேசான் கேட்டபோது பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. ஒரு பெருங்காட்டின், ஆற்றின் பெயர் அது. ஆனால் அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. வருடக்கணக்கில் இழுபறி நடந்து 2019இல் ஐகேன் அமேசான் கம்பெனியின் பக்கம் முடிவெடுத்தது.

இந்த அளவுகோலில் நம் ஊரை வைத்துப் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் இந்தியாவுக்கு மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும்தான். தமிழ்நாடு இருக்கிறது, அரசைக் கேட்காமல் டாட் தமிழ்நாடு யாரும் எடுக்க முடியாது. வேலூர் இல்லை. நகரத்தின் பெயரை நகரத்துக்காகவே பயன்படுத்துவேன் என்று சொன்னால்தான் ஒப்புதல் கேட்பார்கள். வேலூர் என்ற பெயரில் சோப்பு விற்கப்போகிறேன் என்று ஒரு கம்பெனி சொன்னால் நம் மாநகராட்சியைக் கேட்க வேண்டியதில்லை. 1989இல் இரண்டாகி, 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடி மூன்றான வட ஆற்காடோ எந்தப் பட்டியலிலும் இல்லை.

புது வால்கள் வந்தபோது டிரேட்மார்க்காரர்களுக்கு இன்னொரு சலுகையும் கிடைத்தது. தங்கள் குறிகளை ஒரு பொதுக் கிடங்கில் பதிந்து வைத்தால், எந்தப் புது வால் திறந்தாலும் பொதுமக்களுக்கு முன்பாகவே குறைந்தது 30 நாள் அவர்களுக்கு முன்னுரிமை. அதற்குப் பிறகும் 90 நாளுக்கு, அதே பெயரை வேறு யாராவது கேட்டால் 'இது இன்னாருடைய குறி' என்று எச்சரிக்கை போகும். 2026 சுற்றின் விண்ணப்பக் கட்டணம் 2,27,000 டாலர்.

இந்தியாவில்

டொமைன் பெயர்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. சென்னையில் இருந்த இணைய சேவைக் கம்பெனி சத்யம் இன்ஃபோவே, அதாவது சிஃபி, 'சிஃபிநெட்' என்று பெயர் வைத்த இன்னொரு கம்பெனி மேல் போட்ட வழக்குதான் நமக்கு வழிகாட்டி. 'எங்கள் ஐந்து பங்குதாரர்களின் முதலெழுத்தைச் சேர்த்தோம்' என்பது எதிர்த்தரப்பின் விளக்கம். உச்ச நீதிமன்றம் அதை நம்பவில்லை. 2004 தீர்ப்பில், டொமைன் பெயர் வெறும் முகவரி அல்ல, வியாபார அடையாளமும்கூட, அடுத்தவர் பெயரில் சரக்கு ஓட்டுவதைத் தடுக்கிற வணிகக்குறிச் சட்டம் இதற்கும் பொருந்தும் என்று சொன்னது. அந்த விதமான சட்டத்துக்குப் பதிவு செய்த டிரேட்மார்க்கூடத் தேவையில்லை. நீண்ட நாள் வியாபாரம், அந்தப் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு உங்கள் கடை நினைவுக்கு வருவது, இவற்றுக்குச் சான்று இருந்தால் போதும்.

டாட் இன் பெயர்களுக்கு டில்லியில் இருக்கிற நிக்சி என்ற அமைப்பு பொறுப்பு. அது தனியாக ஒரு தகராறு விதி வைத்திருக்கிறது, யூ.டி.ஆர்.பி.யின் தம்பி மாதிரிதான். ஒரு முக்கிய வித்தியாசம்: யூ.டி.ஆர்.பி.யில் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்ததையும் பயன்படுத்தியதையும் இரண்டையும் காட்ட வேண்டும், டாட் இன் விதியில் இரண்டில் ஒன்று போதும். புகார்தாரருக்கு வசதி.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கிற ஏற்பாடு முன்பு இருந்தது. ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்ததும் தனிநபர்களின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் மறைக்கப்பட்டன. டிரேட்மார்க் வக்கீல்கள் இன்றுவரை அதை எதிர்த்துக்கொண்டிருக்கிறார்கள். போலித் தளம் நடத்துகிறவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறார்கள். ஸ்பாம் போன்கால் தாங்காதவர்களுக்கு அதே மாற்றம் நிம்மதி.

உள்ளூர்க்காரர் என்ன செய்யலாம்?

ராணிப்பேட்டையில் இருந்து ஐரோப்பாவுக்கு ஷூ அனுப்புகிறவராக இருந்தாலும், லாங் பஜாரில் மொத்த மளிகை வைத்திருப்பவராக இருந்தாலும், செலவு குறைந்த வழி டிரேட்மார்க் விண்ணப்பம்தான். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். யூ.டி.ஆர்.பி.யின் முதல் கேள்விக்கு அந்தச் சான்றிதழ் ஒன்றே பதில். ஏற்றுமதிக்காரர்கள் தங்கள் டொமைனில் ஓர் எழுத்து மாறிய பெயர்களையும் ஒன்றிரண்டு எடுத்து வைப்பது நல்லது. 'எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது' என்று வாங்குபவருக்குப் போகிற போலி மெயில் அப்படிப்பட்ட டொமைனில் இருந்துதான் கிளம்பும்.

ஆனால் நம் பக்கத்துக் கடைகள் டொமைனை இழப்பது பெரும்பாலும் டெக்சாஸ்காரரிடம் அல்ல. வெப்சைட் செய்து கொடுத்த தம்பியிடம். மொத்தமாக இவ்வளவு என்று பேசி, டொமைனைத் தன் மெயில் ஐடியில், தன் பெயரிலேயே எடுத்துவிடுகிறார். முக்கால்வாசி பேர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, முதலாளிக்கு மெயில் ஐடி இல்லை, அல்லது பாஸ்வேர்ட் மறந்துவிடும் என்பதால் செய்கிறார்கள். பதிவேட்டைப் பொறுத்தவரை டொமைன் அவருடையது. அவர் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லி வருகிற மெயில் அவருக்குத்தான் போகும். மனஸ்தாபம் வந்து அவர் தர மறுத்தால் யூ.டி.ஆர்.பி.யும் பெரும்பாலும் உதவாது. நம் சம்மதத்தோடு பதிவானதில் கெட்ட எண்ணத்தை எங்கே காட்டுவது? இது கொடுக்கல் வாங்கல் தகராறு, எங்கள் வரம்பில் வராது என்று நடுவர்கள் திருப்பி அனுப்பிய வழக்குகள் நிறைய. அப்போது போக வேண்டிய இடம் ஜெனீவா இல்லை, சத்துவாச்சாரி கோர்ட். அங்கே கேட்கப்போவது, டொமைனுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று காட்டுகிற பில்லும், 'உங்க பேர்லதான்ணா எடுத்திருக்கேன்' என்று அந்தத் தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும்தான்.